ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நாஜிக் காலக் குழந்தைகளைப் பற்றி எப்படிப் பேசுவது?

செம்மண் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். தென்மாவட்டத்தில் ஓர் உதவி பெறும் பள்ளியில் ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். எங்கள் பிள்ளைகள் பலருக்கு ஹிட்லர் என்றால் யூடியூபில் பின்னணி இசையோடு நடந்து வரும் ஒரு ஆள். "செம கெத்து மிஸ்" என்கிறார்கள். அதில் வன்மம் கிடையாது, விவரம் தெரியாது, அவ்வளவுதான். ரயில் நிலையப் புத்தகக் கடையில் தன்னம்பிக்கை நூல்களுக்கு நடுவே அவருடைய சுயசரிதையை அடுக்கி வைக்கும் நாட்டில் பன்னிரண்டு வயதுப் பையனை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

மாநிலப் பாடத்திட்டத்தில் இந்த வரலாறு பத்தாம் வகுப்பில்தான் வருகிறது. அதுவரை காத்திருக்க எனக்கு மனமில்லை. நூலக வகுப்பில் இரண்டு பீரியடு கிடைக்கும். போர், கட்சி, ஒப்பந்தம் என்று போகாமல், அந்தக் காலத்தில் இவர்கள் வயதில் இருந்த பிள்ளைகளைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

இந்த வயதுக்கு எவ்வளவு சொல்லலாம்? புகைப்படம் காட்டலாமா? ஆண்டு விழாவுக்கு நாடகமாகப் போடலாம் என்று சக ஆசிரியை ஒருவர் சொல்கிறார், அது சரியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய சாக்பீஸ்

டீச்சர், பணி ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன் நான். மத்தியப் பாடத்திட்டப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு என்சிஇஆர்டி புத்தகத்தின் நாஜிசப் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அந்தப் பாடம் எப்படித் தொடங்கும் என்று நினைவிருக்கிறவர்களுக்குத் தெரியும். 1945 வசந்தம். ஹெல்முத் என்ற பதினோரு வயது ஜெர்மன் சிறுவன் படுக்கையில் கிடக்கிறான். குடும்பத்தோடு செத்துவிடலாமா, தான் மட்டும் சாகலாமா என்று அப்பா அம்மாவிடம் பேசுவது அவன் காதில் விழுகிறது. அப்பா மருத்துவர், நாஜி. மறுநாள் மகனைக் காட்டுக்குக் கூட்டிப்போய்ப் பாட்டுப் பாடி விளையாடுகிறார். பிறகு அலுவலகத்தில் தன்னைச் சுட்டுக்கொள்கிறார். அம்மா விஷம் வைத்துவிடுவாளோ என்ற பயத்தில் அந்தப் பையன் ஒன்பது வருடம் வீட்டில் சாப்பிடவே இல்லை.

இதை வாசித்து முடித்ததும் நாற்பது பிள்ளைகளும் அமைதியாகிவிடுவார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாடத்தின் வாசலில் நிற்கும் குழந்தை, குற்றம் செய்த வீட்டுக் குழந்தை. அது கெட்ட தேர்வு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வீட்டிலும் குழந்தை இருந்தது என்று தெரிய வேண்டும்தான். ஆனால் கொல்லப்பட்ட குழந்தைகளில் ஒருவரையாவது இதே அளவுக்குப் பெயரோடும் முகத்தோடும் பிள்ளைகள் சந்திக்காவிட்டால், கடைசியில் ஹெல்முத் மட்டும்தான் மனதில் நிற்பான்.

அதே பாடத்தில் இரண்டு பயிற்சிகள் உண்டு. "நீ ஹெல்முத். உனக்குப் பள்ளியில் யூத நண்பர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று நீ நம்பவில்லை. உன் அப்பாவிடம் என்ன சொல்வாய்?" என்பது ஒன்று. வதைமுகாமில் பிழைத்த யூதராக இருந்து ஜெர்மனியின் வரலாற்றை ஒரு பக்கம் எழுதச் சொல்வது இன்னொன்று. முதலாவதை ஒவ்வொரு வருடமும் எழுதவைத்தேன். அதில் பிள்ளை பயிலுவது, வீட்டுப் பெரியவர் தப்பாகப் பேசும்போது வாய் திறப்பதை. நம் ஊரிலும் தேவைப்படுகிற பயிற்சி அது. இரண்டாவதைத் தொட்டதே இல்லை. முகாமில் பிழைத்தவர் போல ஒரு பக்கம் எழுது என்றால், பையன் சினிமாவில் பார்த்ததை எழுதுவான், நாம் அதற்கு ஐந்துக்கு நாலு மதிப்பெண் போடுவோம். எதற்கு இது?

வாஷிங்டனில் இருக்கும் ஹோலோகாஸ்ட் (நாஜிகள் செய்த யூத இனப்படுகொலை) நினைவு அருங்காட்சியகம் ஆசிரியர்களுக்குத் தரும் வழிகாட்டுதலிலும் இதுதான் இருக்கிறது. பாதிக்கப்பட்டவராகவோ காவலராகவோ மாணவர்களை நடிக்கவைக்கும் பயிற்சிகள் வேண்டாம் என்கிறார்கள். முழு வரலாற்றை ஆறாம் வகுப்புக்குக் கீழே கொண்டுபோக வேண்டாம் என்பதும் அவர்கள் கருத்து. உங்கள் பிள்ளைகள் ஏழாம் வகுப்பு, ஆகவே வயதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நாடகத்தைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

கானல்வரி

நான் நூலகர். இரண்டு பீரியடுக்கு ஒரே ஒரு ஊர் போதும் என்பேன்: தெரேசின்.

செக் நாட்டுத் தலைநகர் பிராகாவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் பழைய கோட்டை ஊர். போருக்கு முன் படைவீரர்களையும் சேர்த்துச் சுமார் 7,000 பேர் வாழ்ந்த இடம். 1941 நவம்பரில் நாஜிகள் அதை யூதர்களை அடைத்துவைக்கும் கெட்டோ ஆக்கினார்கள். 1942 செப்டம்பரில் அங்கே 50,000-க்கும் மேற்பட்டவர்கள் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். மொத்தமாக 1,40,000-க்கும் அதிகமானோர் அந்த ஊர் வழியாகக் கடந்தார்கள். சுமார் 33,000 பேர் அங்கேயே பசியிலும் நோயிலும் இறந்தார்கள். 88,000 பேர் வரை கிழக்கே ஆஷ்விட்ஸ் கொலைமுகாம் போன்ற இடங்களுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். பிள்ளைகளிடம் இந்த எண்களில் ஒன்றோ இரண்டோ சொன்னால் போதும்.

அங்கே குழந்தைகளுக்குப் பாடம் நடத்தத் தடை. படம் வரையலாம், பாடலாம், கைவேலை செய்யலாம். ஆகவே பெரியவர்கள் அந்த மறைவில் கணக்கும் வரலாறும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருவர் வாசலில் நின்று காவலர் வருகிறாரா என்று பார்த்துக்கொள்வார்.

ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்று ஒரு ஓவியர். வியன்னாக்காரர், பௌஹவுஸ் கலைப்பள்ளியில் படித்தவர். 1942 டிசம்பரில் தெரேசினுக்கு அனுப்பப்பட்டார். பிள்ளைகளுக்கு அவர் ஓவிய வகுப்பு எடுத்தார். எழுதித் தீர்ந்த அலுவலகக் காகிதத்தின் பின்பக்கம், பொட்டலத் தாள் என்று கிடைத்ததில் எல்லாம் வரைந்தார்கள். ஒவ்வொரு படத்திலும் வரைந்த பிள்ளை தன் பெயரை எழுத வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார். ஆளுக்கு ஒரு எண் கொடுத்து ரயிலேற்றும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. 1944 அக்டோபரில் அவரையும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்றார்கள். கிளம்புவதற்கு முன் இரண்டு பெட்டிகளில் சுமார் 4,500 படங்களை அடுக்கி மறைத்து வைத்துவிட்டுப் போனார். போர் முடிந்ததும் அவை பிராகாவுக்கு வந்து சேர்ந்தன. இன்று அங்குள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பூ, வீடு, மேசை மேல் சாப்பாடு, மூன்றடுக்குக் கட்டில், கஞ்சிக்கு வரிசை. நம் பிள்ளைகள் எதைப் பார்த்ததும் நிற்பார்கள் என்று நீங்களே கவனியுங்கள்.

இன்னொருவர் ஹெல்கா வைசோவா. பன்னிரண்டு வயதில் தெரேசினுக்குப் போனார். அங்கே முதலில் வரைந்தது பனிமனிதன் செய்யும் இரண்டு குழந்தைகளை. ஆண்கள் பகுதியில் இருந்த அப்பாவுக்கு அதை ரகசியமாக அனுப்பினார். "நீ பார்ப்பதை வரை" என்று பதில் வந்தது. அதிலிருந்து அவர் வரைந்தவை எல்லாம் அந்த ஊரின் அன்றாடம். அவர் ஆஷ்விட்ஸிலும் மவுத்தவுசன் வதைமுகாமிலும் பிழைத்து, ஓவியராகவே வாழ்ந்தார். அப்பா திரும்பவில்லை.

அப்புறம் பையன்கள். ஒரே அறையில் இருந்த 13 முதல் 15 வயதுப் பையன்கள் "வேடெம்" என்று வாரப் பத்திரிகை நடத்தினார்கள். ஆசிரியர் பெட்ர் கின்ஸ், பதினான்கு வயது. ஒரே ஒரு பிரதிதான். வெள்ளிக்கிழமை இரவு சுற்றி உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார்கள். கவிதை, கேலி, புத்தக விமர்சனம் எல்லாம் உண்டு. பெட்ர் அதில் ஊர் சுற்றிப் பார்த்து எழுதும் ஒரு பகுதி நடத்தினான். ரொட்டிச் சூளைக்குப் போய் எழுதினான், தீயணைப்பு நிலையத்துக்குப் போய் எழுதினான், பிணம் எரிக்கும் இடத்துக்கும் போய் எழுதினான். இரண்டு வருடத்தில் சுமார் 800 பக்கம். 1944 செப்டம்பரில் பெட்ரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு வயது பதினாறு. திரும்பி வரவில்லை. கடைசிவரை அங்கேயே இருந்த ஒரு பையன் மறைத்து வைத்ததால் பத்திரிகை மட்டும் தப்பியது.

நம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரும் இடம் ஒன்று சொல்கிறேன். பெட்ர் வரைந்த படங்களில் ஒன்று, நிலவில் நின்று பூமியைப் பார்க்கும் காட்சி. அதன் நகலைத்தான் இஸ்ரேலின் முதல் விண்வெளி வீரர் இலான் ரமோன் 2003-இல் கொலம்பியா விண்கலத்தில் எடுத்துப்போனார். ஆம், கல்பனா சாவ்லா போன அதே கலம். அது நொறுங்கிய 2003 பிப்ரவரி 1, பெட்ர் உயிரோடு இருந்திருந்தால் அவருடைய 75-ஆவது பிறந்தநாள். அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் பிராகாவில் ஒரு பழைய வீட்டில் கிடந்த அவன் நாட்குறிப்புகளும் வெளியே வந்தன.

மூன்றாம்மணி

எல்லாம் சரிதான். ஆனால் ஒரு கேள்வி. கீழ்வெண்மணி எங்கே இருக்கிறது என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியுமா? 1968 டிசம்பர் 25, ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டவர்கள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி கேட்ட குற்றத்துக்கு. தெரேசின் பையனின் பத்திரிகை பற்றிப் பேச இரண்டு பீரியடு ஒதுக்கும் பள்ளியில் அதற்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்? தூரத்துக் கொடுமைக்கு அழுவது சுலபம்.

செம்மண்

சார், நியாயமான கேள்விதான். ஆனால் என்னிடம் வந்த கேள்வி ஹிட்லரைப் பற்றியது. பிள்ளை நிற்கும் இடத்திலிருந்துதான் நான் தொடங்க முடியும். இன்னொன்றும் உண்மை. கீழ்வெண்மணியைப் பேசினால் என் வகுப்பில் இரண்டு தரப்பு வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். மறுநாள் தலைமையாசிரியர் அறையில் பெற்றோர் வந்து நிற்பார்கள்.

மூன்றாம்மணி

அதைத்தான் சொன்னேன். தெரேசினுக்காக யாரும் வந்து நிற்க மாட்டார்கள்.

பூவரசு

டொரன்டோவில் இருந்து எழுதுகிறேன். ஒன்டாரியோவில் 2023 செப்டம்பர் முதல் ஆறாம் வகுப்பிலேயே ஹோலோகாஸ்ட் பாடம் கட்டாயம். என் மகளுக்கும் படிப்பித்தார்கள். வீட்டுக்கு ஒரு தாள் கொண்டுவந்தாள். "வீட்டை விட்டு உடனே போக வேண்டும் என்றால் என்ன ஐந்து பொருள் எடுத்துப்போவாய்?" வகுப்பில் பலர் டேப்லெட், சார்ஜர், நாய்க்குட்டி என்று எழுதிச் சிரித்தார்களாம்.

அந்தத் தாள் மேசையில் கிடந்தபோது என் அம்மா, அதாவது அவளுடைய அம்மம்மா, எடுத்துப் பார்த்தார். நாங்கள் 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து போனவர்கள். மழை, இருட்டு, அடி எடுத்து வைக்க இடமில்லாத சனம். நான் அப்போது சின்னப் பிள்ளை. அம்மா அந்தத் தாளைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், அரிசி, ஒரு கேத்தல், உன் அம்மாவின் ஆஸ்துமா மருந்து. ஐந்தாவது ஒன்றும் கையில் ஏறவில்லை. ஆட்டை அவிழ்த்துவிட்டுப் போனோம்.

மகள் என்னைப் பார்த்தாள். நாங்கள் அதுவரை அவளிடம் இதைக் கதைத்ததே இல்லை.

ஆகவே அந்தப் பயிற்சி நல்லதா கெட்டதா என்று என்னால் ஒரே பதில் சொல்ல முடியாது. வகுப்பில் அது விளையாட்டாகிப் போனது. எங்கள் வீட்டில் ஒரு கதவு திறந்தது. ஆனால் ஆசிரியர் அதை எதிர்பார்த்துக் கொடுக்கவில்லை. அந்தத் தாளை எழுதியவருக்கு, இதை உண்மையாகவே செய்த குடும்பம் வகுப்பில் இருக்கக்கூடும் என்ற நினைப்பே இருந்ததாகத் தெரியவில்லை. டொரன்டோவில்!

செம்மண் டீச்சர், உங்கள் வகுப்பிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருந்து வரும் பிள்ளைகள் இருக்கலாம். அந்தப் பிள்ளைகளின் தாத்தா பாட்டியிடம் இதே போன்ற கதைகள் இருக்கும். அதற்காக அந்தப் பிள்ளையை எழுப்பி "உங்கள் வீட்டிலும் இப்படித்தானே, சொல்லு" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தானாகச் சொன்னால் கேளுங்கள். இங்கே 2021-இல் தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரம் என்று மே மாதத்தில் ஒரு வாரத்தைச் சட்டமாகவே ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு அதில் நிறைவுதான். ஆனாலும் பத்து வயதுப் பிள்ளைக்கு முள்ளிவாய்க்காலை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கிச் சொல்வது என்பதில் எங்கள் பெற்றோர் குழுவிலேயே ஒருமித்த கருத்து இல்லை.

நடுப்பக்கம்

பள்ளி ஆலோசகராக வேலை பார்க்கிறேன். பூவரசு சொன்னதோடு சேர்த்துச் சில விஷயங்கள்.

ஜெருசலேமில் உள்ள யாத் வஷெம் நினைவகத்தின் கல்வித்துறை இதில் நெடுங்காலமாக வேலை செய்கிறது. சின்ன வயதில் ஒரே ஒரு குழந்தையின் கதை, கொஞ்சம் வளர்ந்ததும் ஒரு குடும்பம், ஒரு சமூகம், அதற்கப்புறம்தான் முழு வரலாறு என்று படிப்படியாகப் போகச் சொல்கிறார்கள். பிள்ளையைப் பத்திரமாக உள்ளே கூட்டிப்போய்ப் பத்திரமாக வெளியே கூட்டிவர வேண்டும் என்பதும் அவர்கள் வலியுறுத்துவது. நடைமுறையில் இதற்கு அர்த்தம்: வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் தொடங்காதீர்கள். மணி அடித்ததும் அந்தப் பாரத்தோடு பஸ் ஏறிப் போய்விடுவார்கள். இரண்டு பீரியடையும் ஒரே நாளில் வைக்காமல் நடுவில் ஓர் இரவு விடுங்கள். கேள்வி மறுநாள்தான் வரும்.

சிரிக்கும் பிள்ளையைத் திட்டாதீர்கள். எப்படி எடுத்துக்கொள்வதென்று தெரியாமல் சிரிப்பவர்கள்தான் அதிகம். யாரையும் கட்டாயமாக எழுதவோ அழவோ வைக்க வேண்டாம். அழுதால்தான் பாடம் வெற்றி என்று ஓர் எண்ணம் நம் ஆசிரியர்களுக்கு இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

புகைப்படம் கேட்டீர்கள். பிணக்குவியல் படங்கள் வேண்டவே வேண்டாம். பயப்படுவார்கள் என்பது மட்டும் காரணம் இல்லை. செத்தவரின் அனுமதி இல்லாத கடைசிப் படம் அது. போலந்துத் தலைநகர் வார்சாவில் கைகளைத் தூக்கி நிற்கும் தொப்பிபோட்ட சிறுவனின் படம் உலகத்துக்கே தெரியும். அது 1943-இல் நாஜிகளின் எஸ்எஸ் படைத் தளபதி ஸ்ட்ரூப் தன் மேலதிகாரிகளுக்கு அனுப்பிய வெற்றி அறிக்கையில் இருந்த படம். துப்பாக்கி பிடித்தவன் பக்கத்தில் நின்று எடுத்தது. எட்டாம் வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு அந்தப் படத்தைக் காட்டினால் நல்ல விவாதம் வரும். சொல்லாமல் காட்டினால், கொன்றவன் கண்ணால் அந்தப் பையனைப் பார்க்கிறோம்.

அதனால்தான் கானல்வரி சொன்ன ஓவியங்கள் எனக்குப் பிடித்திருக்கின்றன. அவை அந்தப் பிள்ளைகள் தாங்களே நமக்குக் காட்ட விரும்பியவை.

ஆலமரத்தடி

நான் தொடக்கப்பள்ளி. ஐந்தாம் வகுப்புக்கெல்லாம் இது ரொம்பக் கனம். நான் காப்பாற்றப்பட்ட கதைகளைத்தான் சொல்வேன். அதற்கு ஐரோப்பா வரை போகவே வேண்டாம். குஜராத்தில் ஜாம்நகர் பக்கம் பாலாச்சடி. 1942-இல் நவாநகர் மன்னர் ஜாம் சாகேப் திக்விஜய்சிங்ஜி போலந்துக் குழந்தைகள் பல நூறு பேருக்கு அங்கே முகாம் அமைத்துக் கொடுத்தார். அநாதைகளாக வந்தவர்களிடம் தன்னை அப்பாவாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். இன்று அந்த இடத்தில் சைனிக் பள்ளி இருக்கிறது. வார்சாவில் "நல்ல மகாராஜா" பெயரில் ஒரு சதுக்கமே இருக்கிறது. பிள்ளைகள் இதைக் கேட்டால் துள்ளுவார்கள்.

பழைய சாக்பீஸ்

நல்ல கதைதான் ஆலமரத்தடி. ஆனால் அந்தக் குழந்தைகளை விரட்டியது ஹிட்லர் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிழக்குப் போலந்தைப் பிடித்த ஸ்டாலினின் அரசு 1940, 41-இல் குடும்பம் குடும்பமாக சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் நாடுகடத்தியது. 1941-இல் ஜெர்மனி ரஷ்யாவைத் தாக்கியபின் கணக்கு மாறி, இவர்களை விடுவித்தார்கள். அதற்குள் பெற்றோரில் பலர் செத்திருந்தார்கள். பிள்ளைகள் அஷ்காபாத், மஷாத் வழியாக லாரிகளில் வந்து சேர்ந்தார்கள். இரண்டையும் போட்டுக் குழப்பினால் வரலாறு கெட்டுவிடும்.

காப்பாற்றிய கதையை மட்டும் சொல்வதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. 1938 டிசம்பரிலிருந்து போர் தொடங்கும் வரை நாஜிகளின் பிடியிலிருந்து சுமார் 10,000 குழந்தைகளை பிரிட்டன் எடுத்துக்கொண்டது. நிக்கலஸ் வின்டன் பிராகாவிலிருந்து 669 பேரை அனுப்பிவைத்தார். கேட்க இதமாக இருக்கும். அவர் ஏற்பாடு செய்த கடைசி ரயில் 1939 செப்டம்பர் 1 அன்று கிளம்ப வேண்டியது. சுமார் 250 குழந்தைகள். அன்றுதான் போர் தொடங்கியது, ரயில் கிளம்பவில்லை. அதே 1939-இல் 20,000 குழந்தைகளை அமெரிக்காவுக்குள் விட வேண்டும் என்று ஒரு மசோதா அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கு வந்து, வாக்கெடுப்புக்கே போகாமல் செத்துப்போனது. கொல்லப்பட்ட யூதக் குழந்தைகள் சுமார் 15 லட்சம். காப்பாற்றியவரின் கதை உண்மைதான். அதுவே பெரும்பான்மையாக நடந்தது என்று பிள்ளை நினைத்துவிட்டால், நாம் சொன்னது பொய்.

ஆலமரத்தடி

ஐயா, பத்து வயதுப் பிள்ளைக்கு 15 லட்சத்தை வைத்து நான் என்ன செய்வேன்? முதலில் உலகத்தில் நல்லவர்களும் உண்டு என்று தெரியட்டும். மீதியை உங்கள் வகுப்புக்கு வரும்போது நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள். பாலாச்சடியை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பின்னம்

கணக்கு வாத்தியார் நுழையலாமா? 15 லட்சத்தை "உணரவைக்க" எதையாவது சேகரிக்கும் வேலை வேண்டாம். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் விட்வெல் என்ற சின்ன ஊரில், 1998-இல் ஒரு நடுநிலைப் பள்ளி, கொல்லப்பட்ட யூதர்கள் மொத்தம் 60 லட்சம் என்பதை விளங்கிக்கொள்ளக் காகிதக் கிளிப் சேர்க்கத் தொடங்கியது. உலகமெங்கும் இருந்து கோடிக்கணக்கில் வந்து குவிந்தன. நல்ல மனதோடு செய்தார்கள், மறுக்கவில்லை. நம் ஊரில் இதைத் தொடங்கினால் எந்த செக்‌ஷன் அதிகம் கொண்டுவந்தது என்று போட்டியாகிவிடும். பரிசு கொடுக்க எம்எல்ஏவையும் கூப்பிடுவார்கள்.

அரங்கன்

நாடகம் பற்றிய கேள்விக்கு யாரும் முழுப் பதில் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தொழில்.

வார்சா கெட்டோவில் யானுஷ் கோர்ச்சாக் என்ற மருத்துவர் ஓர் அநாதை இல்லம் நடத்தினார். போருக்கு முன்பே போலந்தில் பேர்பெற்ற எழுத்தாளர், வானொலியில் குழந்தைகளுக்காகப் பேசியவர். அவருடைய இல்லத்தில் பிள்ளைகளே நீதிமன்றம் நடத்துவார்கள், ஆசிரியர் மேலும் வழக்குப் போடலாம். 1942 ஜூலை 18 அன்று அந்த இல்லத்துப் பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். எது தெரியுமா? நம் தாகூரின் "அஞ்சல் நிலையம்". நோயாளிச் சிறுவன் அமல் வெளியே போகக் கூடாது என்று வைத்தியர் உத்தரவு. ஜன்னலோரம் உட்கார்ந்து தயிர்க்காரரோடும் காவல்காரரோடும் பூக்காரச் சிறுமி சுதாவோடும் பேசுகிறான். எதிரே ராஜாவின் அஞ்சல் நிலையம் வந்திருக்கிறது. ராஜா தனக்குக் கடிதம் போடுவார் என்று காத்திருக்கிறான். அடைபட்ட ஊரில் அடைபட்ட பிள்ளைகள் அதை நடித்தார்கள். நான்கு நாளில், ஜூலை 22 அன்று, வார்சாவிலிருந்து ரயில்கள் கிளம்பத் தொடங்கின. ஆகஸ்ட் முதல் வாரத்தில் கோர்ச்சாக்கும் சுமார் 200 குழந்தைகளும் இல்லத்து ஊழியர்களும் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இன்று ட்ரெப்ளிங்கா நினைவிடத்தில் ஆயிரக்கணக்கான கற்கள் இருக்கின்றன. தனி மனிதர் பெயர் பொறித்த கல் ஒன்றுதான். அதில் கோர்ச்சாக்கின் பெயரும், கூடவே "குழந்தைகளும்" என்றும் இருக்கிறது.

உங்கள் பிள்ளைகள் மேடையில் ரயில் ஏற வேண்டாம். கோடுபோட்ட சட்டை வேண்டாம், துப்பாக்கி வேண்டாம். அமலையும் சுதாவையும் நடிக்கட்டும். அந்தப் பிள்ளைகள் செத்ததை நடிப்பது வேறு, அவர்கள் ஆசைப்பட்டு நடித்ததை நாமும் நடிப்பது வேறு. திரை விழுந்த பிறகு ஒருவர் முன்னால் வந்து 1942 ஜூலையில் இதை யார் நடித்தார்கள் என்று ஒரு நிமிடம் சொன்னால் போதும். சோக வயலின் போடாமல் இருந்தால் உங்களுக்குப் புண்ணியம்.

கானல்வரி

அரங்கன், அருமை. இதோடு இன்னொரு எச்சரிக்கையும் சேர்க்கிறேன். தெரேசினிலும் குழந்தைகள் ஒரு இசை நாடகத்தை 55 முறை போட்டார்கள். நடித்தவர்களை ரயிலேற்ற ஏற்றப் புதுப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். 1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கத்தினர் பார்வையிட வந்தபோது அதையும் காட்டினார்கள், முகப்புக்கு வண்ணம் அடித்துத் தோட்டம் போட்டு. ஆகவே "கலை அவர்களைக் காப்பாற்றியது" என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். அதே கலையை நாஜிகள் உலகத்தை ஏமாற்றவும் பயன்படுத்தினார்கள்.

செம்மண்

இரண்டு வகுப்பும் முடிந்தன. நடுப்பக்கம் சொன்னபடி நடுவில் ஓர் இரவு விட்டேன்.

முதல் நாள் ஹிட்லர் பெயரையே எடுக்கவில்லை. நான்கு படங்களின் நகல், பெட்ர் கின்ஸின் நிலவுப் படம், ஒரு வரைபடம். யார் வரைந்தது, எங்கே என்று சொல்லாமல், என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டேன். மூன்றடுக்குக் கட்டிலை "ஹாஸ்டல்" என்றார்கள். கஞ்சி வரிசையை "ரேஷன் கடை" என்றார்கள். அப்புறம்தான் ஊரைச் சொன்னேன். பாடம் நடத்தத் தடை என்றதும் ஒருவன் "ஜாலி" என்றான். பின் வரிசைப் பெண் ஒருத்தி, "அப்போ ஏன்டா ஒளிஞ்சு ஒளிஞ்சு படிச்சாங்க?" என்று திருப்பிக் கேட்டாள். அதற்குமேல் அந்தப் பீரியடில் நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் யார் செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்று போனோம். அண்டை வீட்டுக்காரர்கள், கடைக்காரர்கள், ரயில்வே ஊழியர்கள் பற்றியும் பேசினேன். "கெத்து" என்ற பையன் மாறிவிட்டானா என்று கேட்டால் பதில் இல்லை. அவன் கேட்டது இது: "ஹிட்லர் இந்தப் படத்தையெல்லாம் பாத்தாரா மிஸ்?" இல்லை என்றேன். பெட்ர் மாதிரி ஊர் சுற்றி எழுதலாமா என்று சிலர் கேட்டார்கள். கோழிக்கடை, தபால் ஆபீஸ், சுடுகாடு மூன்றும் பட்டியலில் இருக்கின்றன. சுடுகாட்டுக்கு மட்டும் வீட்டில் அனுமதி வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு கேள்விக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஊரை நடத்தியவர்களுக்குத் தண்டனை கிடைத்ததா என்றாள் ஒருத்தி. யாருக்காவது விவரம் தெரியுமா?

பழைய சாக்பீஸ்

தெரேசினுக்கு அடுத்தடுத்து மூன்று எஸ்எஸ் தளபதிகள். முதலாமவர் ஸீக்ஃப்ரீட் ஸைடல், 1947-இல் வியன்னாவில் தூக்கு. மூன்றாமவர் கார்ல் ராம், அதே 1947-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் மரண தண்டனை. நடுவில் இருந்த அன்டன் பர்கர் தப்பித்தார். பிடிபட்டு மறுபடியும் தப்பினார். மரண தண்டனை விதிக்கப்பட்டும் அது நிறைவேறவில்லை. பொய்ப் பெயரில் மேற்கு ஜெர்மனியில் வாழ்ந்து 1991-இல் எஸ்ஸன் நகரில் இயல்பாகச் செத்தார். அவர் யார் என்பதே பிறகுதான் தெரிந்தது. மூன்றையும் சொல்லுங்கள் டீச்சர். ராமோடு நிறுத்திவிடாதீர்கள்.

செம்மண்

நன்றி ஐயா. திங்கட்கிழமை மூன்றையும் சொல்கிறேன்.

மூன்றாம்மணி

அந்தப் பெண்ணுக்கு என் வாழ்த்து. சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறாள். கீழ்வெண்மணி வழக்கில் கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அவளிடம் அதையும் ஒருநாள் சொல்ல வேண்டியிருக்கும்.

செம்மண்

தெரியும் சார். டிசம்பர் நூலக வகுப்புக்குத் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் கையெழுத்தாகவில்லை. அங்கே இருந்த குழந்தைகளைப் பற்றி, அவர்கள் எப்படி இறந்தார்கள் என்பதை விட எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்லும் ஏதாவது உங்களிடம் இருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

மூன்றாம்மணி

தேடிப் பார்க்கிறேன். அந்தப் பக்கத்து ஆள் ஒருவரைத் தெரியும், பேசிவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன்.